மீட்பு: நாற்பத்தொரு சதவீதம்

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
ஓடாத அரவை மில்லில், தவிட்டு வாசனைக்கு நடுவே
வரிசையாகப் படுத்திருக்கின்றன பெட்டிகள்.
ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டர் பூமி.

முதல் பெட்டியின் தலைமாட்டில்
அறுத்த சம்பாவின் வேர் இன்னும் ஒட்டியிருக்கிறது.
பிறகு களி, மணல், மறுபடி களி, மறுபடி மணல்.
ஆறு தூக்கம் வராமல் புரண்டு படுத்த கணக்கு.

பல்லிடுக்கில் ஒரு துணுக்கு வைத்துக் கடிக்கிறேன்.
நறநறத்தால் வண்டல். வழுக்கினால் களி.
கொப்பளித்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் துளை, இருநூற்றுப் பத்தாம் மீட்டரில்
பழுப்பு நிலக்கரி, ஆறு மீட்டர்.
ஈரமாக, மரநார் தெரிய,
பிய்த்தால் வடக்கன் புகையிலை மாதிரி.
இரண்டாம் துளை, எண்ணூறு மீட்டர் கிழக்கே:
கரி, நாலரை மீட்டர்.
சென்னையில் கேக் வெட்டினார்களாம்.

மூன்றாவதை நடுவில் போட்டோம்,
சும்மா ஓர் உறுதிக்கு.
அதே ஆறு மீட்டரில்
குழாய்க்குள் வந்தது இரண்டரை மீட்டர்கூட இல்லை.
வந்ததெல்லாம் மணல்,
நடுவே கட்டைவிரல் அளவு கரித்துண்டு ஒன்று.
வராத இடத்துக்கு மரக்கட்டை அடைத்து
'இழப்பு' என்று எழுதியிருக்கிறது.

எது இழப்பு?
கரியாக இருந்து கரைந்து போயிருக்கலாம்.
மணலாகவே இருந்து கழுவிப் போயிருக்கலாம்.
ஊருக்குப் பெயர் வராத காலத்து ஆறு ஒன்று
அந்த இடத்தில் கரியை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருந்தால்
நடுவில் எதுவுமே கிடையாது.
காமாக் கருவியை இறக்கினோம்;
நூற்றுத் தொண்ணூறில் துளை இடிந்து
கருவி பாதியில் நின்றது.

ரிக் ஓட்டும் குழந்தைவேலு திருச்செங்கோட்டுக்காரர்.
"ராத்திரி ரெண்டே காலுக்கு ராடு தானா எறங்குச்சுங்க அம்மணி,
சேத்துல காலு போறாப்பல."
திரும்பி வந்த தண்ணி என்ன நிறம்?
"ராத்திரிங்களே.
எல்லாத் தண்ணியும் கருப்புதானுங்க."

ரெங்கபாஷ்யம் சார் போனில் சொல்கிறார்:
"கோட்டைச் சேர்த்துடும்மா. ஒரே படுகைதான்.
கேள்விக்குறி போட்டா எவன் பணம் போடுவான்?"

நிலத்துக்காரி தையல்நாயகி வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்:
"இருக்கா, இல்லையா?
இருந்தா குறுவைக்கு நாத்து விடல.
இல்லேன்னா இன்னைக்கே விதை எடுக்கணும், கடை எட்டு மணிக்குச் சாத்திருவான்."
மூன்று குழிதானே போட்டிருக்கிறோம் என்றேன்.
சிரித்தார்.
"எங்க கணக்குல நூறு குழி சேர்ந்தாத்தான் ஒரு மா.
உங்களுக்கு மூணு குழிக்கு ஒரு தாலுகாவா?"

விதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மேட்டூர் திறந்து பதினோரு நாள்.
வாய்க்காலில் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர்.
விடிந்தால் வயலுக்கு ஏறிவிடும்,
மூன்றாம் துளையருகே காயும் கழிவுக்குட்டை கரைந்துவிடும்.
டார்ச்சோடு இறங்கினேன்.
ஓடு ஓடாக வெடித்த சேற்றைப் பெயர்த்தால்
அடியில் கருப்புப் பொட்டுகள்.
கடித்தேன்.
கரியாகவும் இருக்கலாம்.
மாசியில் இதே வயலில் எரித்த வைக்கோலாகவும் இருக்கலாம்.
நாக்குக்கு வயது தெரியாது.

மில்லுக்கு வந்து வரைபடத்தை விரித்தேன்.
மேற்கிலிருந்து ஒரு கோடு, மெலிந்துகொண்டே வந்து நின்றது.
கிழக்கிலிருந்து ஒன்று, அதுவும் நின்றது.
இடையில் ஒரு விரல்கடை வெள்ளைத் தாள்.
அழிரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பதிவேட்டைத் திறந்து,
மூன்றாம் துளை, திரும்பிய நீர்,
நிறம் என்ற கட்டத்தில்
'இரவு' என்று எழுதினேன்.